சங்கும் மணியும்: பீளமேட்டின் உழைப்பு வரலாறும் திருச்சபையின் கடமையும்

திருச்சபை வரலாற்றைக் கற்கும் நாம் அருட்பணியாளர்களின் வருகையையும், ஆலயங்கள் எழுந்த ஆண்டுகளையும், பேராயங்கள் அமைந்த முறையையும் ஒழுங்காக அறிந்திருக்கிறோம். ஆனால் அந்த ஆலயங்கள் எந்த மண்ணில் எழுந்தன, அம்மண்ணின் மக்கள் எவ்வாறு உழைத்து உண்டனர் என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். ஊரின் வரலாறு வேறு, சபையின் வரலாறு வேறு என எண்ணிப் பழகிவிட்டோம். இப்பிரிவினை சரியன்று என்பதைக் கொங்கு நாட்டின் ஒரு சிற்றூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, அவிநாசிச் சாலையின்மேல் அமைந்த பீளமேடு அவ்வூர். இன்று அது மாநகரின் ஒரு பகுதி. அரை நூற்றாண்டுக்கு முன்னரோ, ஆலைகளும் கல்லூரிகளும் ஒரே சாலையில் அருகருகே நின்ற தனி ஊர். ஆலையின் சங்கொலியும் கல்லூரியின் மணியோசையும் அவ்வூரின் பொழுதைப் பங்கிட்டுக்கொண்டன. சங்கிற்குப் பணிந்தவர் யார், மணிக்கு விரைந்தவர் யார், இரண்டிற்கும் இடையே வழி இருந்ததா என்பதே நம் வினா.

1. மேட்டு நிலமும் கிணறும்

பொங்கலுக்கு முன் கொங்கு நாட்டார் வீட்டு முகப்பில் காப்புக் கட்டும் பூளைப்பூ மிகுதியாக விளைந்த மேடு ஆதலால் பூளைமேடு எனப் பெயர் பெற்று, அதுவே பீளமேடு என மருவியது என்பர் ஊரார். பெயர்க் காரணம் எதுவாயினும், அது வானம் பார்த்த மேட்டு நிலம் என்பதில் ஐயமில்லை. காவிரியின் செழிப்பு இங்கில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்த இந்நிலத்தில் ஆழக் கிணறு தோண்டி, கவலை இறைத்தே பயிர் வளர்த்தனர். வடக்கயிற்றில் கட்டிய தோற்சாலை எருதுகள் சரிவில் இறங்கி இழுக்க, ஒரு பாத்திக்கு நீர் பாய்ச்சுவதற்கே பல முறை முன்னும் பின்னும் நடக்க வேண்டும். மனிதனும் மாடும் சேர்ந்து சிந்திய வியர்வையே கொங்கு வேளாண்மை.

இவ்வருமையான நீரை நெல்லுக்குச் செலவிட்டுக் கட்டுபடியாகாது. விற்றுப் பணமாக்கத்தக்க பயிரே வேண்டும். கரிசல் நிலம் பருத்திக்கு ஏற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய கம்போடியாப் பருத்தி, கிணற்றுப் பாசனத்தில் நன்கு விளைந்து நீண்ட இழை தந்தது. பருத்தியை விளைவித்தவரே அதனை வாங்கி விற்கவும், கொட்டை நீக்கவும், பொதி கட்டி அனுப்பவும் முற்பட்டனர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நாயுடு குடும்பங்கள் பீளமேட்டில் இவ்வழியே முன்னேறின. கோவை ஆலைகளின் முதலீட்டில் பெரும்பங்கு இவ்வாறு உழவரிடமிருந்தும் பருத்தி வணிகரிடமிருந்தும் திரண்டதாகும். இச்செய்தி பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது. ஆலை முதலாளியும் ஆலைத் தொழிலாளியும் ஒரே வட்டாரத்தவர். பல வேளைகளில் ஒரே ஊரினர். ஒருவர் முகத்தை மற்றவர் அறிந்திருந்தனர். ஆதலின் அவர்கள் உறவில் நெருக்கமும் இருந்தது. மோதல் எழுந்தபோது கசப்பும் அதற்கேற்ப ஆழமாயிற்று.

2. ஆலைகளின் எழுச்சி

கோவையின் முதல் நூற்பாலை ஆங்கிலேயர் ஒருவரின் முயற்சியால் எழுந்தது. காப்பி வணிகத்தின் பொருட்டு இந்நாட்டிற்கு வந்த இராபர்ட் ஸ்டேன்ஸ் 1862-இல் கோவையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1888-இல் கோயம்புத்தூர் நூற்பு நெசவாலை அவர் முயற்சியால் நிறுவப்பட்டது. மக்கள் அதனை ஸ்டேன்ஸ் மில் என்றே வழங்கினர். பின்னர் 1910-இல் ஜி. குப்புசாமி நாயுடு இலட்சுமி ஆலையைத் தொடங்கினார். அடுத்த இருபது ஆண்டுகளில் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் ஈரக்காற்று நூற்புக்கு உகந்தது. வறண்ட காற்றில் இழை அறும். ஆயினும் காற்று மட்டும் ஆலையை இயக்காது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் மின்னாக்கத்தைத் தொடங்கியபின், மலிவான மின்சாரம் சமவெளிக்கு இறங்கியது. நிலக்கரிக்கு வெகு தொலைவிலிருந்த கோவைக்கு இது பெரும் வாய்ப்பாயிற்று. 1930-களில் உலகெங்கும் பொருளாதார நெருக்கடி நிலவியபோதே இங்கு ஆலைகள் பெருகியதற்கு இம்மின்சாரம் ஒரு முதன்மைக் காரணமாகும். அதே மின்சாரம் கிணற்றடிக்கும் சென்றது. கவலை எருதுகளின் இடத்தில் மின்மோட்டாரும் பம்பும் அமர்ந்தன. பருத்தி ஆலையைத் தந்தது. கிணறு பம்புத் தொழிலைத் தந்தது. பீளமேட்டின் இரு தொழில்களும் அவ்வூர் நிலத்தின் தேவையிலிருந்தே பிறந்தன எனலாம்.

ஆலையினுள் வேலை எவ்வாறு நடந்தது என்பதையும் நாம் அறிதல் வேண்டும். பொதியை உடைத்துப் பஞ்சை உதறித் தூய்மை செய்யும் புளோரூம், இழைகளைச் சீவி ஒழுங்குபடுத்தும் கார்டிங், முறுக்கேற்றி நூலாக்கும் ஸ்பின்னிங், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் எனப் பகுதிகள் பலவாகும். ரீலிங் பகுதியில் பெண்களே மிகுதியாக உழைத்தனர். சிட்டமாகச் சுற்றப்பட்ட அந்நூல் கைத்தறி நெசவாளர் வீடுகளுக்குச் சென்றது. புளோரூமிலும் கார்டிங்கிலும் மூச்சோடு கலந்து செல்லும் பஞ்சுத் தூசு ஆண்டுக்கணக்கில் நுரையீரலைக் கெடுக்கும். எந்திர இரைச்சலில் பேச்சு கேளாது. ஆலைத் தொழிலாளர் சைகையால் பேசக் கற்றுக்கொண்டனர். வேலைக்கு எடுப்பதும் நிறுத்துவதும் மேஸ்திரியின் கையில் இருந்தன. நிரந்தர வேலையில்லாத பதிலித் தொழிலாளர் ஒவ்வொரு ஷிப்டிலும் ஆலை வாயிலில் காத்து நிற்பர். எவரேனும் வராவிடில் அன்று அவர்களுக்கு வேலை, இல்லையேல் வெறுங்கையோடு வீடு. திராட்சத்தோட்ட வேலையாட்களைப் பற்றி நம் ஆண்டவர் உரைத்த உவமையைப் பிரசங்கிப்போர், பதினோராம் மணிவேளையிலும் கூலிக்கு அமர்த்துவாரின்றி நின்றவர்களை விளங்கிக்கொள்ள ஆலை வாயிலையே நோக்கியிருக்கலாம்.

3. ஐந்தாம் பங்கு

பீளமேடு சாமநாயுடு கோவிந்தசாமி நாயுடு என்பவரின் பெயரில் ஊர்ப்பெயரும் அடங்கியுள்ளது. பி. எஸ். ஜி. என்னும் மூன்றெழுத்துகள் குறிப்பது அவரையே. அவர் மக்கள் நால்வர்: வெங்கடசாமி, ரங்கசாமி, கங்கா, நாராயணசாமி. குடும்பச் சொத்தைப் பங்கிடுகையில் அவர்கள் நான்கு பங்காக்காமல் ஐந்து பங்காக்கினர். ஐந்தாம் பங்கு அறத்திற்கு உரியதாயிற்று. அதனைக் கொண்டு 1926-இல் பி. எஸ். ஜி. அறநிலையம் அமைந்தது. அறத்தையும் உடன்பிறந்தான் ஒருவனாக எண்ணிப் பங்கு கொடுத்த இச்செயல் தமிழக வரலாற்றில் நினைக்கத்தக்கதாகும். மிகுந்ததிலிருந்து கிள்ளிக் கொடுப்பது வேறு. பங்குரிமை உடையவனாக ஒருவனை ஏற்பது வேறு. நம் சபைகளில் காணிக்கையைப் பற்றிப் போதிப்போர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்வது நலம்.

இதற்கு முன்பே, 1924-இல், சர்வஜனப் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. சர்வஜனம் என்பது எல்லா மக்களையும் குறிக்கும் சொல். சாதி வேற்றுமை தெருவையும் கிணற்றையும் பிரித்திருந்த காலத்தில் ஒரு பள்ளிக்கு இப்பெயரை இட்டது சிறு செயலன்று. 1926-இல் தொழிற்கூடம் ஒன்றும் எழுந்தது. அங்கு வேளாண் பம்புகளும் மின்மோட்டார்களும் பிற எந்திரங்களும் காலப்போக்கில் செய்யப்பட்டன. 1939-இல் பாலிடெக்னிக், 1947-இல் கலைக் கல்லூரி, 1951-இல் தொழில்நுட்பக் கல்லூரி என அறநிலையம் வளர்ந்தது. தொழில்நுட்பக் கல்லூரி தொழிற்கூடத்தோடு ஒரே வளாகத்தில் அமைந்ததே அதன் தனிச்சிறப்பு. பொறியியல் மாணவன் கரும்பலகையில் கற்றதை உலைக்களத்திலும் கடைசல் எந்திரத்திலும் செய்து பார்த்தான். அக்கல்லூரியின் முதல் தலைவரான ஜி. ஆர். தாமோதரன், அறிவியலைத் தமிழில் தர வேண்டும் என்னும் உறுதியோடு 1940-களின் இறுதியில் கலைக்கதிர் என்னும் திங்களிதழைத் தொடங்கினார். பின்னாளில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார். கோவை அரசுக் கலைக் கல்லூரியில் 1960-இல் தமிழ்வழி இளங்கலை வகுப்புத் தொடங்கப்பட்டதையும் இவ்விடத்தில் சேர்த்து எண்ணலாம். பட்டறையில் பேசும் மொழியில் வகுப்பறையும் பேசுதல் வேண்டும் என்னும் கருத்து இந்நகரில் வேரூன்றியிருந்தது.

4. இரண்டு வாயில்கள்

இனி, இவ்வரலாற்றின் மறுபக்கத்தை நோக்குவோம். சர்வஜனப் பள்ளி திறக்கப்பட்ட 1924-இல், ஆலைச் சட்டம் என்ன கூறியது? 1922-ஆம் ஆண்டுச் சட்டம் வேலைக்கு எடுக்கத்தக்க சிறுவரின் வயதை ஒன்பதிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியிருந்தது. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஆலையில் உழைக்கலாம். வயது வந்தோருக்கு வாரம் அறுபது மணி. ஆக, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முன்னே சட்டப்படி இரண்டு வாயில்கள் திறந்திருந்தன. ஒன்று பள்ளி வாயில். மற்றொன்று ஆலை வாயில். எதில் நுழைவது என்பதை அச்சிறுவனின் அறிவோ ஆர்வமோ தீர்மானிக்கவில்லை. அவன் வீட்டு அடுப்பே தீர்மானித்தது.

1934-ஆம் ஆண்டுச் சட்டம் வயது வந்தோர் உழைப்பை வாரம் 54 மணியாகவும், சிறுவர் உழைப்பை நாளுக்கு 5 மணியாகவும் குறைத்தது. 1946-ஆம் ஆண்டுத் திருத்தம் வாரம் 48 மணி என வரையறுத்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு வயது நிரம்பாதோரை ஆலையில் அமர்த்தலாகாது எனத் தடுத்தது. இருபத்தாறு ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் வெறும் எண் மாற்றமன்று. ஒரு தந்தை இரவில் தன் பிள்ளையின் முகத்தை விழித்த நிலையில் காண்பதும், ஒரு தொழிலாளி மாலையில் கூட்டத்திற்கோ கோவிலுக்கோ செல்ல வலிமை பெறுவதும், ஒரு சிறுவன் ஆலை வாயிலிலிருந்து பள்ளி வாயிலுக்குத் திரும்புவதும் இவ்வெண்களில் அடங்கியுள்ளன.

இம்மாற்றங்கள் சட்டமன்றத்தின் கருணையால் மட்டும் விளைந்தனவல்ல. 1930-களில் கோவை ஆலைகளில் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன, சங்கங்கள் உருவாயின. இளமையிலேயே தொழிலாளர் தலைவராக உயர்ந்த என். ஜி. ராமசாமி 1943-இல் மறைந்தார். சிங்காநல்லூர்ப் பகுதியில் அவர் பெயரைத் தாங்கி நிற்பது ஒரு மேனிலைப் பள்ளி என்பது கவனிக்கத்தக்கது. தொழிலாளர் தம் தலைவனை நினைவுகூரத் தேர்ந்த இடம் பள்ளி வாயிலே ஆயிற்று.

5. 1946

கோவைத் தொழிலாளர் வரலாற்றில் 1946 குருதி தோய்ந்த ஆண்டாகும். பீளமேட்டு ரங்கவிலாஸ் ஆலையை ஒட்டி எழுந்த மோதலில் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த தொழிலாளர் நால்வருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் என்னும் அந்நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு நவம்பர் 11 அன்று ஸ்டேன்ஸ் ஆலையில் நிகழ்ந்த காவல் துறைத் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் பதினொருவர் மாண்டனர். இராபர்ட் ஸ்டேன்ஸ் மறைந்து அப்போது பத்து ஆண்டுகள் கடந்திருந்தன. அவர் பெயர் தாங்கிய பள்ளியில் சிறுவர் பாடம் படித்துக்கொண்டிருந்தனர். அவர் பெயரால் மக்கள் வழங்கிய ஆலையில் பிணங்கள் வீழ்ந்தன.

இதனைக் கூறுவது எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கன்று. கல்விக்கு ஐந்தாம் பங்கு ஈந்த ஊரும், தூக்குக் கயிறு கண்ட ஊரும் ஒன்றே என்பதை நாம் மறத்தலாகாது என்பதற்காகவே கூறுகிறோம். ஈகை உண்மையானது, துயரமும் உண்மையானது. ஈகையை மட்டும் எழுதும் வரலாறு புகழ்மாலையாகிவிடும். துயரத்தை மட்டும் எழுதும் வரலாறு வசைமாலையாகிவிடும். திருமறையின் வரலாற்று நூல்கள் சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மாட்சியை விரித்துரைக்கின்றன. அதனைக் கட்டுவதற்கு மக்கள்மேல் சுமத்தப்பட்ட ஊழியத்தின் பாரத்தையும் மறைக்கவில்லை. அந்நேர்மையே நமக்கும் அளவுகோல்.

6. கல்லூரியூரின் மாந்தர்

விடுதலைக்குப் பின் பீளமேட்டின் முகம் மாறியது. 1956-இல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமும், கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியும் தோன்றின. 1963-இல் ஜி. ஆர். கோவிந்தராஜுலு, சந்திரகாந்தி இணையரின் முயற்சியால் கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரி எழுந்தது. 1985-இல் பி. எஸ். ஜி. மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் தமிழகத்தில் முதன்முதலாக 1955-இல் நடைமுறைக்கு வந்தது கோவையிலேயே. அதுவரை நோயுற்ற ஆலைத் தொழிலாளி கூலியையும் இழந்து கடனும் பட்டான். 1965-ஆம் ஆண்டு மொழிப் போராட்டத்தில் உயிர் நீத்தோர் பட்டியலில் பீளமேடு தண்டபாணி என்னும் பெயரும் இடம்பெற்றிருப்பது, இவ்வூர் இளைஞர் உள்ளத்தில் எழுந்த கொந்தளிப்பைக் காட்டும்.

ஆயினும் கல்லூரியூர் என்றால் பேராசிரியரும் மாணவரும் மட்டுமா? விடுதிச் சமையற்கட்டில் விடியலுக்கு முன் அடுப்பு மூட்டுவோர், மாணவர் துணிகளை வெளுத்துத் தேய்ப்போர், மெஸ் நடத்தும் கைம்பெண்கள், ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் உதவியாளர், வினாத்தாளும் பாடநூலும் அச்சிடும் அச்சகத்தார், பழைய நூல்களை வாங்கி விற்போர், லைன் வீட்டின் ஓர் அறையை மாணவருக்கு வாடகைக்கு விட்டு மற்றோர் அறையில் ஒடுங்கி வாழ்வோர் ஆகிய அனைவரும் சேர்ந்ததே கல்லூரியூர். இவர்கள் பெயர் எந்தப் பட்டமளிப்பு விழா மலரிலும் இடம்பெறுவதில்லை. இவர்களின்றி ஒரு நாளும் கல்லூரி நடவாது.

பீளமேடு, ஆவாரம்பாளையம், கணபதி ஆகிய பகுதிகளின் சந்துகளில் எழுந்த லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் இக்கல்லூரியூரின் மற்றொரு பல்கலைக்கழகம் எனலாம். ஆலையிலும் தொழிற்கூடத்திலும் கைப்பழக்கம் பெற்றோர் சிறு பட்டறை வைத்தனர். அவர்களிடம் பட்டமில்லை, நூலில் ஒரு பங்கு தேய்மானத்தையும் விரல்நுனியால் உணரும் நுண்மை இருந்தது. 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியதாகப் போற்றப்படும் ஜி. டி. நாயுடு கல்லூரிப் படிப்பு இல்லாதவர். அம்முயற்சியில் அவருக்குத் துணைநின்ற டி. பாலசுந்தரம் நாயுடு பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தை எழுப்பினார். 1955-இல் பி. சபாபதி உருவாக்கிய மாவரைக்கும் எந்திரம், ஆட்டுக்கல்லின்முன் பெண்கள் குந்தியிருந்த நாழிகைகளை மீட்டுக் கொடுத்தது. தாய்மாரின் தோள்வலியைக் குறைத்த கண்டுபிடிப்பைத் திருச்சபை தன் நன்றியறிதல் மன்றாட்டில் சேர்த்துக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

7. நின்றுபோன சங்கு

1968-இல் தேசிய பஞ்சாலைக் கழகம் அமைந்தது. நலிவுற்ற ஆலைகள் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டுடைமையாயின. ஸ்டேன்ஸ் ஆலையும் ரங்கவிலாஸ் ஆலையும் அக்கழகத்தின்கீழ் வந்தன. தொழிலாளர் இதனை மீட்பாகவே கருதினர். 1981-இல் கோவை மாநகராட்சியாயிற்று. பீளமேடும் மாநகரோடு இணைந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் தனியார் ஆலைகள் பல ஒவ்வொன்றாக மூடின. விருப்ப ஓய்வு என்னும் பெயரால் பலர் நடுவயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். ஆலை நின்ற இடங்களில் அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் எழுந்தன. 2010 ஜூன் திங்களில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு இச்சாலையின்மேல் உள்ள கொடிசியா வளாகத்தில் கூடியது. அவ்வாண்டிலேயே தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் அருகே திறக்கப்பட்டது. 2020 மார்ச் திங்களில் பெருந்தொற்று ஊரடங்கின்போது தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் நின்றன. அவற்றை மீளத் திறக்க வேண்டி அத்தொழிலாளர் ஆண்டுக்கணக்கில் குரல் எழுப்பினர்.

இவ்வாறு சங்கு ஓய்ந்தது; மணி பெருகியது. பேரனைப் பொறியாளனாக்க வேண்டும் என்பதற்காகவே ஆலையில் உழைத்த பாட்டனார் இவ்வூரில் பலர். அவ்வகையில் இது வெற்றி வரலாறு. ஆனால் அப்பாட்டனாரின் உழைப்பு எவ்வகைக் கல்வியிலும் பாடமாக இல்லை. பேரன் பயிலும் வகுப்பறைக்கு மிக அருகே அவர் முப்பது ஆண்டு நின்று நூற்ற ஆலை இருந்தது என்பதைக்கூட அவன் அறியான். ஒரு தலைமுறையின் மறதி அடுத்த தலைமுறையின் செருக்காக மாறக்கூடும். இங்கேதான் நம் பொறுப்புத் தொடங்குகிறது.

8. திருச்சபை எங்கே நின்றது?

இலண்டன் சங்கத்தின் அருட்பணியாளர் டபிள்யூ. பி. ஆடிஸ் 1830-இல் கோவைக்கு வந்தார். அவர் வழிவந்தோர் பள்ளிகளையும் சபைகளையும் நிறுவினர். தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானபின், 1950-இல் கோயம்புத்தூர்ப் பேராயம் அமைந்தது. அதன் முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி. பக்தி மார்க்கத்தின் வழியாகக் கிறிஸ்தவ விசுவாசத்தை விளக்கிய அவர் தமிழ் இறையியலுக்கு ஆற்றிய தொண்டு நாம் அறிந்ததே. அவர் பேராயராகப் பணியேற்ற நகரமோ, நாளுக்கு மூன்று ஷிப்டாக எந்திரம் சுழலும் நகரம். கடவுளில் நிலைத்திருத்தல் என்னும் அவர் போதனை, இரவு ஷிப்டில் நிற்கும் ஒரு மனிதனின் எட்டு மணி நேரத்தோடு எவ்வாறு இணையும் என்னும் வினா அடுத்த தலைமுறை இறையியலாருக்கு விடப்பட்டது. நாம் அதனை முழுமையாக எடுத்துக்கொண்டோமா?

நம் புரட்டஸ்தாந்து திருமறைத் தொகுதியில் இடம்பெறாவிடினும், முன்னோர் பயனுள்ளதெனக் கருதி வாசித்த சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் இவ்விடத்தில் சிந்திக்கத்தக்கது. மறைநூல் அறிஞனுக்கு ஓய்வு வேண்டும் என அது தொடங்குகிறது. பின்னர் உழவன், முத்திரை வெட்டுவோன், உலையின் வெம்மையில் வாடும் கொல்லன், சக்கரத்தைக் காலால் சுழற்றும் குயவன் என ஒவ்வொருவரையும் அருகிருந்து கண்டவர்போல் அந்நூலாசிரியர் வருணிக்கிறார். இவர்களின்றி எந்நகரும் குடியிருப்புக்கு உதவாது என ஒப்புக்கொள்கிறார். ஆயினும் ஆலோசனைச் சபையில் இவர்களுக்கு இடமில்லை என்றும் கூறிவிடுகிறார். இறுதியில் இவர்கள் தொழிலே இவர்கள் மன்றாட்டு என்னும் உயர்ந்த கருத்தோடு முடிக்கிறார். கற்றோருக்கும் கைத்தொழிலாளருக்கும் இடையே அன்று வரையப்பட்ட அக்கோடு இன்றும் நம் நடுவே உள்ளது. பீளமேட்டில் தொழிற்கூடமும் கல்லூரியும் ஒரே வளாகத்தில் அமைந்தது அக்கோட்டை அழிக்க மேற்கொண்ட முயற்சி. 1946-இல் நிகழ்ந்தவை, அக்கோடு அழியாதிருந்ததற்குச் சான்று.

சுவிசேஷமோ சீராக்கினும் ஒருபடி மேலே செல்கிறது. நாசரேத்துத் தச்சன் ஆலோசனைச் சபைக்கு வெளியே நின்றவர் மட்டுமல்லர், அச்சபையால் தீர்க்கப்பட்டவர். கொரிந்துவில் கூடாரம் தைத்த கைகளே சபைகளுக்கு நிருபம் எழுதின. கையும் நூலும் ஓருடலில் கூடியதே திருத்தூதர் பவுலின் ஊழியம். ஆதலால் தொழிலாளியைத் திருச்சபையின் பரிவுக்குரிய பொருளாக மட்டும் காண்பது போதாது. அவன் இறையியலின் ஆசிரியனும் ஆவான். ஐந்தாம் பங்கின் உட்பொருளும் இதுவே: ஈகை பெறுபவனாக அன்று, பங்குரிமை உடையவனாக ஏற்றல்.

நெகேமியாவின் நூல் 3-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்திற்கு எடுப்போர் குறைவு. அது பெயர்ப்பட்டியல்தானே எனக் கடந்துவிடுகிறோம். எருசலேமின் மதிலில் எந்தப் பகுதியைத் தட்டார் கட்டினர், எதைத் தைலக்காரர் கட்டினர், யார் தம் வீட்டுக்கு எதிரே பழுதுபார்த்தார் என அந்நூல் பொறுமையோடு எழுதிவைக்கிறது. மதில் இடிந்து பல நூற்றாண்டுகள் ஆயின, பெயர்கள் நிற்கின்றன. நம் சேகரங்கள்தோறும் இத்தகைய பட்டியல் ஒன்று எழுதப்படுதல் வேண்டும். ரீலிங்கில் உழைத்த மூதாட்டியரும், பதிலியாகக் காத்து நின்ற முதியவரும், வார்ப்படச் சாலையில் கண்ணொளி குன்றியவரும் இன்றும் நம் ஆலயங்களின் பின்வரிசைகளில் அமர்ந்திருக்கின்றனர். இறையியல் மாணவர் தம் கோடைக்காலச் சபைப்பணியில் அவர்களிடம் சென்று, அவர்கள் செய்த வேலையை அவர்கள் சொற்களிலேயே கேட்டு எழுதி, சேகரப் பதிவேட்டோடு சேர்த்து வைப்பாராக. ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் பதியப்படும் நம் பதிவேடுகளில், அவற்றிற்கு இடைப்பட்ட நாற்பது ஆண்டு உழைப்புக்கும் ஒரு பத்தி உண்டாகட்டும். அம்மூத்தோரின் காலம் நீண்டதன்று. ஆகவே இப்பணி அடுத்த ஆண்டிற்கு ஒத்திவைக்கத்தக்கதும் அன்று.